ஒழுக்கு தெரியவில்லை என்றால் இணைப்பு நல்லதா?

மட்டக்களப்புப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "மோட்டர் ஓடியும் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் பைப் பொருத்துகளைப் பாருங்கள். எங்கும் ஒழுகவில்லையா? அப்படியென்றால் மோட்டரில்தான் பிழை. கூடுதல் குதிரைவலு மோட்டர் வாங்குங்கள்."

இது தவறு. கிணற்றிலிருந்து மோட்டருக்கு வரும் பைப்பில், மோட்டர் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே வெடிப்பு இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஒரு சொட்டுக்கூட நிலத்தில் விழாது. ஆனால் குழாயில் தண்ணீர் குமிழி குமிழியாகத் துப்பும்.

கண்டுபிடிக்கச் சவர்க்கார நுரை போதும். மோட்டர் ஓடும்போது யூனியன் (கழற்றிப் பூட்டக்கூடிய பைப் இணைப்பு), எல்போ (பைப் வளைவு), மோட்டர் வாய் எல்லாவற்றிலும் தடிப்பாகப் பூசுங்கள். நுரை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் யூனியனின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது மோட்டர் விலையில் ஒரு துளி. ஸ்பேனர் போட்டு முறுக்கித் தள்ளாதீர்கள், பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.

நிறுத்தி வைத்த பிறகு ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டரை எடுக்க வேண்டியிருந்தால், கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வையும் (பைப்பில் உள்ள தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு) பாருங்கள். கல்லடி, காத்தான்குடி போன்ற மணல் நிலத்தில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலே அது சரியாக மூடாது.

சரி, குதிரைவலு? மேலே நிற்கும் சாதாரண மோட்டர் எவ்வளவு பெரிதானாலும் நடைமுறையில் 7, 8 மீட்டர் ஆழத்திலிருந்துதான் இழுக்கும். காற்றுக் கசிவை அது அடைக்காது. தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் புது மோட்டரின் சீலும் (உள்ளே தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம்) கருகும்.