பூனைக்குப் புரட்டாசி கிடையாது

புரட்டாசி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ் வீடுகளில் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மாதம் முடியும்வரை முட்டைகூட வாசற்படி ஏறாது. நானும் இந்த நோன்பை மனசார இருக்கிறவள்தான். இருந்துகொண்டே சொல்கிறேன்: அந்த ஒரு மாதம் வீட்டுப் பூனைக்கும் பருப்புச்சோறும் பாலும்தான் என்று வைப்பதில் புண்ணியம் எதுவும் இல்லை. நேர்ந்துகொண்டது நாம். பூனை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

பூனை மாமிசம் தின்றே ஆகவேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து அதற்கு வேண்டும். அதைத் தேவையான அளவு அதன் உடம்பே உண்டாக்கிக்கொள்ளாது. கறியிலும் மீனிலும் இருக்கிறது, சோற்றிலும் பருப்பிலும் இல்லை. 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள், டாரின் குறைந்தால் பூனையின் இதயம் பெருத்துத் துவண்டுபோகிறது, திரும்பக் கொடுத்தால் பல பூனைகள் தேறிவிடுகின்றன என்று. அதன் பிறகுதான் பூனைத் தீவனங்களில் டாரினைக் கூட்டினார்கள். இதயம் தேறலாம். விழித்திரை கெட்டுப்போனால் பார்வை திரும்பாது. கேரட் கொடுத்தால் கண்ணுக்கு நல்லது என்பதும் பூனையிடம் பலிக்காது, கேரட்டில் உள்ளதை வைட்டமின் ஏ-வாக மாற்றும் திறன் அதன் உடம்புக்கு இல்லை. பால் கேட்டுக் கத்தும், குடிக்கும், ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிறு கழியும்.

ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாரின் குறைவு ஒரே மாதத்தில் கண்ணைப் பறித்துவிடாது, அதற்கு நாளாகும். எனக்குப் பயம் வேறு ஒன்றில். "பசிச்சா தானா தின்னும்" என்று நம் ஆன்ட்டிகள் சொல்வார்கள். நாய் தின்னும். பூனை பிடிக்காததைத் தொடாமல் அப்படியே பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ப் படிய ஆரம்பிக்கும். காதின் உட்பக்கமும் ஈறும் மஞ்சளடிக்கும். அந்த நிலைக்குப் போன பூனையைக் குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்டித்தான் மீட்க முடியும், எல்லாம் மீள்வதும் இல்லை.

வீட்டுக்குள் மீன் டின் திறக்க மனசு ஒப்பவில்லை என்றால் வழி இருக்கிறது. என் மாமியார் செய்வதைச் சொல்கிறேன். பின்வாசலில் பூனைக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி, மூடி போட்ட டப்பாவில் உலர் தீவனம். அடுப்படிக்குள் அந்தத் தட்டு வராது. விளக்கேற்றுமுன் கையைக் கழுவிக்கொள்வார். சாமிக்கும் குறையில்லை, பூனைக்கும் குறையில்லை.

நாயின் கதை வேறு. மனிதனோடு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் சக்தி அதற்கு வந்துவிட்டது. சோறும் தின்னும், மீலி-மீல் பாப் என்கிற மக்காச்சோளக் களியும் தின்னும். வெறும் பாப்பை மட்டும் போட்டு வளர்த்தால் எலும்பும் தோலுமாய்த்தான் நிற்கும் என்பது வேறு விஷயம். நான் அதிகம் சண்டை போடுவது நாயின் தட்டில் விழும் நம் குழம்பைப் பற்றி. வெங்காயமும் பூண்டும் இல்லாமல் டர்பனில் எந்தக் குழம்பு இருக்கிறது? இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. தின்ற அன்றைக்கே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் வஞ்சகம். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுப் பிரியாணிச் சட்டியை நக்கிய நாய் புதன்கிழமை சோர்ந்து படுக்கும். "வெயில்தான் காரணம்" என்று விட்டுவிடுவோம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே நிறுத்திவிடுகிறது. பிராய் என்று நெருப்பில் கறி சுட்டுச் சாப்பிட்டு முடிந்ததும் நாய்க்கு எறிகிற மக்காச்சோளக் கட்டை குடலில் ஆப்பாய் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். சுட்ட கோழி எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும். மக்கடேமியா கொட்டை தின்ற நாய்க்குப் பின்னங்கால் துவண்டுவிடும், பெரும்பாலும் ஓரிரு நாளில் எழுந்துகொள்ளும். உலகத்தில் மக்கடேமியா அதிகமாக விளைகிற நாடுகளில் நம் தேசமும் ஒன்று, அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோடை வந்தால் இங்கே பிலியரி வரும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: உண்ணி கடித்து நாயின் இரத்தத்தில் ஏற்றுகிற நுண்ணுயிர் அது, பெயர் பபேசியா. உலகின் பல பகுதிகளிலும் பபேசியா உண்டு, ஆனால் தென்னாப்பிரிக்க நாய்களிடம் அதிகம் காணும் 'ரோசை' வகை மிகக் கொடியது. சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காலையில் கொஞ்சம் மந்தமாக இருந்த நாய் மறுநாள் எழுந்திருக்காமல் போகலாம்.

அதற்கு நம் குழுக்களில் சுற்றுகிற மருந்து என்ன தெரியுமா? பூண்டை இடித்துப் பாலில் கலந்து மூன்று வேளை. மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள். சிவப்பணுவை உடைக்கிற நோய்க்குச் சிவப்பணுவை உடைக்கிற மருந்து! கொடுக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நமக்குச் சளி பிடித்தால் ஆயா பூண்டுப்பால் கொடுத்தார், நமக்குக் கேட்டது, பிள்ளைபோல வளர்க்கிற நாய்க்கும் அதையே கொடுக்கிறோம். அன்பில் குறையில்லை. ஆனால் அதன் உடம்பு நம் உடம்பு இல்லை. உண்ணி ஏறாமல் இருக்கப் பூண்டு தின்னக் கொடுப்பதற்கும் நம்பகமான ஆதாரம் எதுவும் கிடையாது.

பிலியரிதானா என்று வீட்டிலேயே சந்தேகப்படக் கற்றுக்கொள்ளலாம். நாயின் மேலுதட்டைத் தூக்கி, கருப்புப் படராத இடமாகப் பார்த்து, ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு ஏற்கெனவே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலும், மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் போனாலும், பிடித்த தின்பண்டத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்கு என்பது இல்லை. ஒரு சொட்டு இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஊசி இருக்கிறது. முற்றிவிட்டால் வேறொரு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், செலவு பல மடங்காகும். நாய் நலமாக இருக்கும்போதே அதன் ஈறின் நிறத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், மாறியது உடனே தெரியும்.

உண்ணிக்கு ஜெயிஸ் ஃப்ளூயிட் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது சாக்கடை கழுவுகிற மருந்து. தோலைப் பொசுக்கும், தோல் வழியாக உள்ளேயும் போகும். பூனை தன்னை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி, அதன் மேல் தடவுவது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகிறது. டீ ட்ரீ எண்ணெய், யூக்கலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், கற்பூரம் எல்லாம் செடியிலிருந்து வருகிறவைதான். பூனையின் ஈரலால் இவற்றை உடைத்து வெளியேற்ற முடியாது. நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால் மாத்திரை பனாடோவும் அப்படித்தான், ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கென்று விற்கிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதையும் பூனையின் பிடரியில் விடக் கூடாது. சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம், அது விஷம்.

வேப்பிலைக்கு வருகிறேன். இது நமக்கு மட்டுமே உள்ள பிரச்சினை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கே மாரியம்மனுக்கு நாம் வைப்பது பெரும்பாலும் சிரிங்கா இலை. கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் வேம்புக்குப் பதில் கண்ணில் பட்ட அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மை போட்டால் அந்த இலையைத்தான் பரப்பிப் படுக்க வைத்தார்கள். அந்த நம்பிக்கையை நான் தொடவே இல்லை. ஆனால் அது வேம்பு இல்லை, நம்மூர் மலைவேம்பின் சாதி. இலை உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் கீழே கொட்டும். அந்தக் காய் நாய்க்கு விஷம்: வாந்தி, எச்சில் ஒழுகல், நடுக்கம், வலிப்பு. "வேப்பங்காய் வயிற்றுப் பூச்சிக்கு நல்லது" என்று ஊரில் கேட்டதை வைத்துக்கொண்டு இந்தக் காயை அரைத்து நாய்க்குப் புகட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொல்லையில் மரம் இருந்தால் காயைப் பெருக்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

வேலியோரம் யெஸ்டர்டே டுடே அண்ட் டுமாரோ வளர்க்காத தெரு டர்பனில் இல்லை. ஊதாவாகப் பூத்து வெளுத்து வெள்ளையாகிற அந்தச் செடியின் எல்லாப் பாகமும் நாய்க்கு நஞ்சு, விதைக்காயை நாய்க்குட்டிகள் விரும்பிக் கடிக்கும். உடம்பு விறைத்து வலிப்பு வரும். பூனை வளர்க்கிற வீட்டில் செயின்ட் ஜோசஃப் லில்லி வேண்டவே வேண்டாம். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

அப்படியானால் வீட்டு வைத்தியமே கூடாதா என்றால், கூடும். நானே செய்கிறேன். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிற வளர்ந்த நாய்க்கு லேசாக வயிறு கழிந்தால் உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் குழைய வடித்த சோறும் வேகவைத்த தோலில்லாக் கோழியும், கூடவே ஒரு கரண்டி வெந்த பூசணி. பூசணி இளகினதையும் கட்டும், இறுகினதையும் இளக்கும். சிராய்ப்புக்கு அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்பு, அதைவிட நல்ல கழுவுநீர் கிடையாது. நாய்க்குட்டி துவண்டு சில்லென்று கிடந்தால் டாக்டரிடம் போகிற வழியில் ஈறில் துளி தேன் தடவலாம். அது வழியில் செய்வது, போவதற்குப் பதிலாகச் செய்வது இல்லை. ஒரு நாளைக்கு மேல் கழிந்தாலோ, இரத்தம் கண்டாலோ, குட்டியாக இருந்தாலோ அது பார்வோ என்கிற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், கஞ்சி அதைக் காப்பாற்றாது.

நாய்க்கு வீட்டிலேயே சமைத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கெட் தீவனத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற சந்தேகம் எனக்குப் புரிகிறது. 2007-இல் மெலமைன் என்கிற ரசாயனம் கலந்த தீவனம் தின்று இந்த நாட்டிலும் நாய்கள் செத்தன. ஆனால் சட்டி வைத்துச் சமைப்பதாலேயே அது முழு உணவாகிவிடாது. அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013-இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசினார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்தது. பலர் கோட்டைவிடுவது சுண்ணாம்புச் சத்தை. எலும்பில்லாக் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். வெறும் கறியே தின்று வளர்கிற குட்டியின் எலும்பு வளையும், தாவினால் ஒடியும். முட்டையோட்டைக் கழுவி வறுத்து மாவாக அரைத்தால் ஒரு தேக்கரண்டியில் சுமார் 2000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். எவ்வளவு சேர்ப்பது என்பதை நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஈரலை அளவோடுதான் போட வேண்டும், தினமும் ஈரலே தின்கிற பூனைக்குக் கழுத்தெலும்பு இறுகிப்போகும்.

பணம்தான் தடை என்று எனக்குத் தெரியும். டாக்டர் கட்டணம் கேட்டுத் தலை சுற்றித்தான் பலர் பூண்டைத் தேடுகிறார்கள், மூடநம்பிக்கையால் இல்லை. அதனால்தான் கையில் இருக்கிற கொஞ்சக் காசை எங்கே போடுவது என்று யோசிக்கச் சொல்கிறேன். உண்ணிக்கு மாதாமாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை தடுப்பூசி. சாண வண்டைத் தின்பதால் வருகிற ஸ்பைரோசெர்காப் புழுவுக்கு மருந்து, அது உணவுக்குழாயில் கட்டியாகிப் புற்றாகவும் மாறும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை விடவே கூடாது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் ஓயவில்லை, 1984-ஆம் வருஷச் சட்டப்படி நாய், பூனை இரண்டுக்கும் போட்டே ஆக வேண்டும். அரசுக் கால்நடைத் துறை முகாம் போடும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகத்துக்குரிய நாய் யாரையாவது கடித்தால் புண்ணில் மிளகாயும் மஞ்சளும் அப்பாமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக டூ ஸ்டெப். எலிக்கென்று ரோட்டோரத்தில் விற்கிற அந்தக் கறுப்பு விஷக் குருணை, தடை செய்த பிறகும் கிடைக்கிறது. திருடர்கள் அதைக் கறியில் வைத்துச் சுவருக்கு மேலே எறிகிறார்கள். நாயின் வாயில் நுரையும் எச்சிலும் வழிந்து, உடம்பு உதறி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் அதுதான். பால், பச்சை முட்டை, எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உதறுகிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போகும். அட்ரோபின் ஊசி டாக்டரிடம் இருக்கிறது, நிமிஷக் கணக்கில் போய்ச் சேர வேண்டும். போகிற வழியிலேயே போன் போட்டு நாயின் எடை, என்ன தின்றது, எப்போது தின்றது மூன்றையும் சொல்லிவிடுங்கள். மிச்சக் கறித்துண்டு கிடந்தால் கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பகுதியில் இரவிலும் திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை போனில் பதிந்துவையுங்கள். தெரிந்தவர்கள் கீழே இடத்தையும் நம்பரையும் போடுங்கள்.