வெட்னஸ்டேயை ஏன் ஹாஸ்டலில் சேர்த்தார்கள்?

நெட்ஃபிளிக்ஸில் 'வெட்னஸ்டே' தொடர் வந்தபோது அதன் நாயகியான அந்த இரட்டைப் பின்னல்காரியிடம் மயங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஒரு குறை. அவளை வீட்டைவிட்டுக் கிளப்பி ஹாஸ்டலில் சேர்த்தார்களே, அதிலேயே பாதி வேடிக்கை போய்விட்டது.

வெட்னஸ்டே பிறந்த விசித்திரமான 'ஆடம்ஸ் குடும்பத்தை' உருவாக்கியவர் நியூ ஜெர்சிக்காரரான கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் ஆடம்ஸ். 1938-ல் நியூயார்க்கர் இதழில் வந்த முதல் கார்ட்டூன் இதுதான்: ஒட்டடை தொங்கும் பாழடைந்த மாளிகை. வாக்குவம் கிளீனர் விற்க வந்த ஒருவன், இது இல்லாமல் ஒரு நல்ல வீடு இருக்கலாமா என்கிற ரீதியில் அளந்துகொண்டிருக்கிறான். கறுப்பு உடையில் வீட்டுக்காரி அமைதியாகக் கேட்கிறாள். நமக்குச் சிரிப்பு வருவது அவளைப் பார்த்து அல்ல, சுற்றுமுற்றும் பார்க்காமல் பாடம் ஒப்பிக்கும் அந்த ஆளைப் பார்த்துத்தான்.

1946 கிறிஸ்துமஸ் சமயத்துக் கார்ட்டூன் இன்னும் அபாரம். வாசலில் கேரல் பாட வந்திருக்கிறார்கள். மேலே, கொதிக்கும் கொப்பரையைச் சாய்க்கத் தயாராகக் குடும்பமே கூடி நிற்கிறது. ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. ஊற்றினார்களா இல்லையா என்பது நம் பாடு.

அப்போதெல்லாம் இவர்கள் யாருக்கும் பெயரே இல்லை தெரியுமா? 1964-ல் ஏபிசி தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதுதான் பெயர் தேவைப்பட்டது. புதன்கிழமைக் குழந்தைக்குத் துயரம் என்கிற ஆங்கிலக் குழந்தைப் பாட்டிலிருந்து வந்தவள் வெட்னஸ்டே. (நம் ஊரில் பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது!) பையனுக்கு ஆடம்ஸ் யோசித்த 'பூபர்ட்' ஆபாசமாகத் தொனிக்கிறது என்று தள்ளிவிட்டார்கள், பக்ஸ்லி ஆனான். தள்ளிய பெயர் இந்தக் குடும்பத்தை வைத்து எடுத்த 1993 சினிமாவில் பிறந்த குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஏபிசி தொடர் இரண்டு சீசன்தான் ஓடியது. ஆனால் அம்மா மார்ட்டீசியா ஒரு பிரெஞ்சு வார்த்தை பேசினால் போதும், அப்பா கோமஸ் அவள் கையை விரலில் தொடங்கித் தோள்வரை முத்தமிட்டுத் தீர்த்துவிடுவான். வௌவாலும் சமாதியும் இருக்கும் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இவ்வளவு ஒட்டுதலாக இருப்பதுதான் எனக்கு அந்தத் தொடரே.

சரி, நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வெட்னஸ்டேயைச் சேர்த்த நெவர்மோர் பள்ளிக்கு வருவோம். அங்கே பக்கத்து பெஞ்சில் ஓநாய்ப் பெண், அதற்கடுத்து கடல்கன்னி. அந்தக் கூட்டத்தில் வெட்னஸ்டே முறைத்தால் யார் திடுக்கிடப் போகிறார்கள்? அவளைத் துப்பறியவிட்டு, மர்மத்துக்கு மேல் மர்மம் வைத்துத்தான் கதையை ஓட்ட வேண்டியிருக்கிறது.

2025-ல் வந்த இரண்டாம் சீசனில் தம்பியையும் அதே பள்ளியில் சேர்த்து, அம்மாவையும் வளாகத்துக்குள்ளேயே குடிவைத்துவிட்டார்கள். எடுத்தவர்களுக்கும் என் குறை தோன்றியிருக்கும் போல.