யோகா வகுப்பு எத்தனை மணிக்கு?

செவிலியர்களின் மன அழுத்தம் குறைய யோகா, தியானம் செய்யலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, எந்த நேரத்தில் செய்வது? என் அக்கா அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் ட்யூட்டியில் வார்டு முழுக்க அவர் ஒருவர்தான். ஒரு கட்டிலில் ட்ரிப்ஸ் தீர்ந்திருக்கும், இன்னொன்றில் மூச்சுத்திணறல், நடுவில் "டாக்டர் எங்கேம்மா?" என்று சண்டைக்கு வரும் உறவினர். காலையில் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. அந்தக் கணக்கு ஏட்டில் இருக்கிறது. 2015-இல் தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் மாதம் ₹7,700 தொகுப்பூதியத்தில் எடுத்த செவிலியர்களுக்கு இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017-இல் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. முதலில் ராத்திரிக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள், அப்புறம் மூச்சுப் பயிற்சி பற்றிப் பேசலாம்.