"மூன்று மாதத்துக்குள்" என்று சட்டத்தில் எழுத வைத்த எம்.பி.

பிரிட்டனில் 1970களில் தொடங்கி 1990களின் ஆரம்பம் வரை, அரசு மருத்துவமனைகளில் ஏற்றிய ரத்தத்தாலும் ரத்தத்திலிருந்து தயாரித்த மருந்தாலும் 30,000க்கு மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றின. 3,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். முறையான இழப்பீட்டுக்குச் சட்டம் வந்ததோ 2024 மே மாதத்தில்தான். அது வந்ததற்கு முதல் காரணம் பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் குடும்பங்களும் விடாமல் நின்றது. அடுத்த காரணம், அப்போது ஹல் நார்த் தொகுதியின் லேபர் எம்.பி.யாக இருந்த டயானா ஜான்சன் அவையின் விதிகளைக் கையாண்ட விதம். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ஹீமோபீலியா உள்ளவர்களுக்கு ரத்தம் சரியாக உறையாது. உறையவைக்கும் புரதமான ஃபேக்டர் 8-ஐப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்து, பொடியாக்கிக் கொடுத்தார்கள். ஒரே தொகுதி மருந்துக்கு ஆயிரக்கணக்கானவர்களின், சில சமயம் பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலப்பார்கள். அதில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் மொத்தமும் கெட்டது. உள்நாட்டு உற்பத்தி போதாமல் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அங்கே பணத்துக்காகப் பிளாஸ்மா விற்றவர்களில் சிறைக்கைதிகளும் இருந்தார்கள். ரத்தம் உறையாமை நோயுள்ள சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களில் ஏறக்குறைய 380 பேர் குழந்தைகள். பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இன்னொரு பெருங்கூட்டம். தானம் வந்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி இருக்கிறதா என்று சோதிப்பது பிரிட்டனில் 1991 செப்டம்பரில்தான் தொடங்கியது.

அரசு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1988இல் மெக்ஃபர்லேன் டிரஸ்ட், 2004இல் ஸ்கிப்டன் ஃபண்ட் என்று அறக்கட்டளைகள் வந்தன. ஆனால் அவை கொடுத்தது உதவித்தொகை. அரசு தன் மேல் பொறுப்பு எதையும் ஏற்காமல், கருணையின் பேரில் கொடுத்தது. வீட்டுச் செலவுக்குக் கணக்குக் காட்டி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. இதைவிடக் கொடுமை 1991இல் நடந்தது. எச்.ஐ.வி. வழக்குகளை முடிக்கும் பேரத்தில், இனி ஹெபடைட்டிஸுக்காகவும் வழக்குப் போட மாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தங்களுக்கு ஹெபடைட்டிஸ் சி இருப்பது பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நீதிமன்றக் கதவு அப்படி மூடிய பிறகு மிச்சம் இருந்தது நாடாளுமன்றம்தான்.

அங்கே ஒரு சாதாரண எம்.பி.யின் கையில் என்ன இருக்கிறது? எழுத்துபூர்வக் கேள்வி கேட்கலாம். பின்வரிசை உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் விவாதம் கேட்கலாம். பல கட்சிக்காரர்களும் சேர்ந்த ஒரு குழுவை நடத்தலாம். ஹீமோபீலியா, கெட்டுப்போன ரத்தம் குறித்த குழுவுக்கு ஜான்சனும் கன்சர்வேடிவ் கட்சியின் பீட்டர் பாட்டம்லியும் இணைத்தலைவர்களாக இருந்தார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால் வாக்கெடுப்பில் தெரிந்தது.

இந்த மூன்று வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு: எதுவுமே அரசைக் கட்டுப்படுத்தாது. "எத்தனை பேர்?" என்று கேட்டால், அந்தத் தகவல் ஓரிடத்தில் தொகுத்து வைக்கப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். "ஏன் நடந்தது?" என்று கேட்டால், அன்றைக்கு இருந்ததில் சிறந்த சிகிச்சையைத்தான் கொடுத்தோம் என்பார்கள். கட்சி மாறி, அமைச்சர் மாறி, இதே வரி பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. அது உண்மைதானா என்று யாரும் சரிபார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று, பின்னால் அமைந்த பொது விசாரணையின் அறிக்கை 2024இல் சொன்னது. என்னைக் கேட்டால், அமைச்சரின் பழைய பதில்களைத் தேதிவாரியாக அடுக்கிவைப்பதுதான் இப்படிப்பட்ட போராட்டத்தில் எம்.பி. அலுவலகம் செய்ய வேண்டிய முதல் வேலை. ஒரு பதிலோடு இன்னொன்று எங்கே முரண்படுகிறதோ, அங்கிருந்து அடுத்த கேள்வி பிறக்கும்.

2017இல் காற்று மாறியது. அந்த ஏப்ரலில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஆண்டி பர்ன்ஹம் தன் கடைசி நாடாளுமன்ற உரையில், இது குற்றத்தன்மை கொண்ட மூடிமறைப்பு, விசாரணை வைக்காவிட்டால் ஆதாரங்களைப் போலீஸிடம் கொடுப்பேன் என்றார். ஜூன் தேர்தலில் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். ஜான்சன் அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். எதிர்வரிசைக் கட்சித் தலைவர்கள் ஆறு பேரிடம் ஒரே கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். மே அரசு யாருடைய தயவில் நின்றதோ, அந்த வட அயர்லாந்து டி.யு.பி.யின் தலைமையும் அதில் இருந்தது. கையோடு அவை நடைமுறை விதியான நிலையாணை 24-இன் கீழ் அவசர விவாதமும் கேட்டார். இதன் நடைமுறை எளிது. விண்ணப்பிக்கும் உறுப்பினருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். சபாநாயகர் ஏற்று, அவையும் அனுமதித்தால், பெரும்பாலும் மறுநாளே மூன்று மணி நேரம் வரை விவாதம் நடக்கும். விவாதம் ஜூலை 11 என்று முடிவானது. எண்ணிக்கை தனக்குச் சாதகமாக இல்லை என்று அரசுக்குத் தெரியும். விவாதம் தொடங்கும் முன்பே, அன்றைக்கே, விசாரணை நடத்துவதாக அறிவித்துவிட்டது.

அறிவிப்போடு விட்டிருந்தால் அந்த விசாரணையைச் சுகாதாரத் துறையே நடத்தியிருக்கும், யார் மேல் புகாரோ அவர்களே. எதிர்ப்புக்குப் பிறகு பொறுப்பு அமைச்சரவை அலுவலகத்துக்கு மாறியது. நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையில், 2005ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின்படி, சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அதிகாரத்தோடு அமைந்தது. இந்த அதிகாரம் பெயரளவிலான விஷயம் இல்லை. 2007இல் ஆர்ச்சர் பிரபு தனியாக நடத்திய விசாரணைக்கு அது இல்லாததால், சுகாதாரத் துறை பொது அமர்வுக்குச் சாட்சி அனுப்பாமலே தப்பித்துக்கொண்டது.

2022 ஜூலையில் லாங்ஸ்டாஃப் முதல் இடைக்காலப் பரிந்துரையைத் தந்தார்: தொற்று உள்ளவர்களுக்கும், இறந்தவர்களின் துணைவர்களுக்கும் உடனே ஒரு லட்சம் பவுண்டு. அக்டோபர் முடிவதற்குள் கொடுத்தார்கள். பிள்ளையை இழந்த பெற்றோருக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் ஒரு பைசா இல்லை. 2023 ஏப்ரல் 5 அன்று இரண்டாம் இடைக்கால அறிக்கை வந்தது. அதில் முழு இழப்பீட்டுத் திட்டத்தையும், அதை நடத்தத் தனி அமைப்பையும் பரிந்துரைத்தார். இழப்பீட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டேன் என்பதையும் தெளிவாக்கினார்.

அதற்குப் பிறகும் அரசு, "இறுதி அறிக்கை வரட்டும்" என்றது. அந்த அறிக்கையோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பாதிக்கப்பட்டோர் தரப்புக் கணக்குப்படி நான்கு நாளைக்கு ஒருவர் இறந்துகொண்டிருந்தார். விசாரணைத் தலைவரே முடித்துக் கையில் கொடுத்த பகுதிக்கு, முடியாத பகுதியைக் காரணம் காட்டியது அரசு. கோபம் வருகிறதா? எனக்கு இன்றும் வருகிறது.

ஜான்சன் அந்தக் காரணத்தை உடைத்த விதம்தான் இந்தக் கதையிலேயே சிறந்த நாடாளுமன்ற வேலை. இழப்பீட்டுக்கென்று அரசு மசோதா எதுவும் இல்லை. தனிநபர் மசோதா கொண்டுவந்தால் நேரம் கிடைக்காமல் செத்துப்போகும். ஆனால் பாதிக்கப்பட்டோர், கைதிகள் பற்றிய மசோதா ஒன்று அவையில் ஓடிக்கொண்டிருந்தது. பெரும் விபத்து, பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஒரு திருத்தம் மசோதாவின் எல்லைக்குள் அடங்கினால்தான் அதை விவாதத்துக்கு எடுக்க முடியும். இது அடங்கியது. அடுத்த தடை பணம். அரசுப் பணத்தைச் செலவழிக்கும் தீர்மானத்தை அந்த அவையில் அரசு மட்டுமே கொண்டுவர முடியும். அவருடைய புதிய பிரிவு 27, இவ்வளவு பவுண்டு கொடு என்று சொல்லவில்லை. நீதிபதி ஒருவர் தலைமையில் இழப்பீட்டு அமைப்பை உருவாக்கு என்றது. அதோடு ஒரு கெடு வைத்தது: சட்டம் நிறைவேறி மூன்று மாதத்துக்குள்.

2023 டிசம்பர் 4, வாக்கெடுப்பு. தோற்கப் போகிறோம் என்று புரிந்ததும், மேலவையில் நாங்களே ஒரு திருத்தம் கொண்டுவருகிறோம் என்று அமைச்சர் வாக்குறுதி கொடுத்துப் பார்த்தார். இப்படி ஒரு வாக்குறுதி வரும்போது திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பல நல்ல திருத்தங்கள் அப்படித்தான் காணாமல் போயின. இவர் திரும்பப் பெறவில்லை. கொறடா உத்தரவை மீறி இருபதுக்கு மேற்பட்ட கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் அவர் பக்கம் வாக்களித்தார்கள். 246க்கு 242. நான்கு வாக்கில் பிரதமர் ரிஷி சுனக்கின் அரசு தோற்றது.

மேலவையில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு அரசு தன் சொந்தப் பிரிவுகளை வைத்தது. இழப்பீட்டு ஆணையம் அதில்தான் உருவானது. 2024 மே 20 அன்று இறுதி அறிக்கை வந்தது, சுனக் அவையில் மன்னிப்புக் கேட்டார். நான்கே நாளில், தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைவதற்குள், மசோதா சட்டமானது. வாசகங்கள் மாறியிருந்தாலும் மூன்று மாதக் கெடு தங்கியது. ஜூலையில் ஆட்சி மாறியது. புது அரசு வந்தால் "ஆய்வு செய்கிறோம்" என்று ஆறு மாதம் ஓட்டுவது எந்த நாட்டிலும் சகஜம். இங்கே ஓட்ட முடியவில்லை. ஆகஸ்ட் 24 கெடு. அதற்கு முந்தின நாள் விதிமுறைகள் தாக்கலாகின. அக்டோபர் பட்ஜெட்டில் 11.8 பில்லியன் பவுண்டு ஒதுக்கினார்கள்.

இழப்பீட்டை ஐந்து தலைப்பில் கணக்கிடுகிறார்கள்: உடல் பாதிப்பு, சமூக ஒதுக்கம், தன் உடல் குறித்த முடிவு பறிபோனது, பராமரிப்புச் செலவு, வருமான இழப்பு. வரி கிடையாது. இதை வாங்கினால் மற்ற அரசு உதவிகள் நிற்காது. துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பராமரித்தவர்கள் தங்கள் பெயரிலேயே கேட்கலாம்.

ஆனால் கெடு, விதிமுறை வெளியிடும் வரைக்கும்தான் இருந்தது. பணம் கையில் சேருவதற்குக் கெடு இல்லை. சிக்கல் அங்கேதான் பிடித்தது. பாதிக்கப்பட்டவர்கள் தாங்களாக விண்ணப்பிக்க முடியாமல், ஆணையம் அழைக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1982க்கு முன் எச்.ஐ.வி. தொற்றியவர்களை விதியே வெளியே தள்ளியது. 2025 ஜூலையில் லாங்ஸ்டாஃப் இன்னொரு அறிக்கை எழுதி இரண்டையும் கண்டித்த பிறகுதான் அரசு மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது. அங்கே இப்போது அவையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதம் தவறாமல் மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், எத்தனை பேர் கையில் பணம் போய்ச் சேர்ந்தது, காத்திருந்தவர்களில் எத்தனை பேர் இறந்துபோனார்கள்.