‘கேபிளை மாற்று’ என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

ஃபைபர் நெட்வொர்க் கார்டு தானாக ரீசெட் ஆகிறது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், கேபிளை மாற்று என்கிறார்கள். மாற்றியாயிற்று என்றால், கேபிள் முனை செருகும், ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலை மாற்று. அதுவும் ஆயிற்று என்றால் கார்டையே மாற்று. கணினி எழுதிவைக்கும் பதிவில், அதாவது லாகில், என்ன விழுந்திருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நாலு வரி படித்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும் இடத்தில், நல்ல பொருள்களைக் கழற்றி மாட்டி நாளைக் கரைக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எரிகிறது.

லிங்க் விழுவது வேறு, அடாப்டர், அதாவது கார்டு, ரீசெட் ஆவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் எல்லாக் கூத்தும் தொடங்குகிறது. லிங்க் விழுந்தால் ஒளி வரவில்லை, அல்லது வந்த ஒளி தேறவில்லை. ரீசெட் என்றால், அனுப்பக் கொடுத்த பாக்கெட்டை கார்டு முடிக்கவில்லை என்று அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் முடிவுகட்டி, சிப்பை அடியோடு மறுபடி தொடங்குகிறது. முதலாவது கண்ணாடி இழைப் பக்கத்துச் சங்கதி. இரண்டாவது பெரும்பாலும் கணினிக்குள்ளே நடப்பது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்டெலின் 10 கிகாபிட் கார்டுகளுக்கான லினக்ஸ் டிரைவர், அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும்போது லிங்க் போய்விட்டால், அவற்றைத் துடைத்தெறிய தானே ரீசெட் போடும். ஆகவே லாகில் எது முன்னால் வந்திருக்கிறது என்று நேரத்தைப் பாருங்கள். ‘லிங்க் இஸ் டவுன்’ முதலில் வந்து ரீசெட் பின்னால் வந்தால் இழை, மாட்யூல், எதிர்முனை இவற்றைப் பாருங்கள். ‘டிஎக்ஸ் ஹேங்’ (அனுப்புவது உறைந்துவிட்டது என்ற செய்தி) முதலில் வந்து அதன்பின் ரீசெட் வந்தால் கேபிளைத் தொடவே தொடாதீர்கள். அந்த ஹேங் செய்தியோடு டிடிஹெச், டிடிடி என்று இரண்டு எண்களும் அச்சாகும். டிடிடி, டிரைவர் எதுவரை வேலை கொடுத்திருக்கிறது என்பது. டிடிஹெச், கார்டு எதுவரை எடுத்திருக்கிறது என்பது. டிடிடி முன்னே நிற்க டிடிஹெச் அசையாமல் கிடந்தால், கார்டு நினைவகத்திலிருந்து தரவை எடுப்பதே நின்றுபோயிருக்கிறது. இதைத் துடைத்த இழை வந்து எப்படிச் சரிசெய்யும்?

இழைப் பக்கம்தான் என்று தெரிந்தால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள், அளவெடுங்கள். லினக்ஸில் ஈத்டூல் கட்டளையைச் சின்ன ‘எம்’ சேர்த்து (ethtool -m) ஓட்டினால், கண்காணிப்பு வசதியுள்ள மாட்யூல் தன் வெப்பத்தையும், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி இரண்டின் அளவையும் சொல்லிவிடும். குறுந்தூரத்துக்கான 850 நானோமீட்டர் 10 கிகாபிட் எஸ்ஆர் மாட்யூலுக்கு வாங்கும் ஒளி -9.9-க்கும் -1 டிபிஎம்முக்கும் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) இடையில் இருக்க வேண்டும். நெடுந்தூரத்துக்கான 1310 நானோமீட்டர் எல்ஆருக்கு -14.4 முதல் 0.5 வரை. -40 என்று காட்டினால் ஒளியே வரவில்லை. குறைவு மட்டும்தான் கேடு என்று நினைக்காதீர்கள். 40 கிலோமீட்டருக்கான இஆர் மாட்யூலைக் குட்டைக் கேபிளில், ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இல்லாமல் பூட்டினால் ஒளி மிஞ்சிப்போய் ரிசீவர் திணறும். மஞ்சள் சிங்கிள்மோடு கேபிளை எஸ்ஆரில் செருகி வைத்துவிட்டு, எப்போதாவது லிங்க் ஏறுகிறதே என்று சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. சிங்கிள்மோடு இழையின் மையம் ஏறக்குறைய 9 மைக்ரான், எஸ்ஆருக்கான ஓஎம்3 மல்டிமோடு இழையில் 50 மைக்ரான். ஒளி எங்கே போய் நுழையும்?

துடைப்பதானால் எல்சி வகை கேபிள் முனைக்கான 1.25 மில்லிமீட்டர் கிளீனரால் கேபிள் முனையையும் மாட்யூலின் வாயையும் சேர்த்துத் துடையுங்கள். ஒன்றை மட்டும் துடைத்தால் மற்றதன் அழுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். சட்டைத் துணியால் தேய்க்க வேண்டாம். ஒளி கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா என்று முனைக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இனி கணினிப் பக்கம். முதல் சந்தேகம் எப்போதும் வெப்பம். இந்தக் கார்டுகளில் பல, சர்வர் பெட்டியின் விசிறிகள் ஓயாமல் தள்ளும் காற்றை நம்பிச் செய்தவை. வெறும் ஹீட்சிங்க்தான், சொந்த விசிறி கிடையாது. அதை மேசைக் கணினியில், கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் செருகினால் சிப் வெந்துபோகிறது. சுமை ஏறும்போது மட்டும் ரீசெட், சும்மா இருக்கையில் ஒன்றுமில்லை என்றால், ஹீட்சிங்க்கைப் பார்த்து ஒரு விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி சுமை கொடுங்கள். சாதாரண வணிகத் தர மாட்யூலுக்கும் 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. இதைப் பார்க்காமல் புதுக் கார்டு வாங்கி அதே காற்றில்லாத பொந்தில் செருகுகிறார்களே, அதுதான் ஆறவில்லை.

அடுத்தது, மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாக (lspci -vv) ஓட்டி, கார்டின் திறன் வரியையும் இப்போதைய நிலை வரியையும் ஒப்பிடுங்கள். இன்டெலின் எக்ஸ்520 போன்ற கார்டு எட்டு லேன் (தரவு ஓடும் பாதை), லேனுக்கு நொடிக்கு 5 ஜிடி (கிகா டிரான்ஸ்ஃபர்) வேகம் கேட்கும். நாலு லேன் மட்டும் என்று காட்டினால், ஸ்லாட்டே நாலு லேன்தானா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் தொடர்பு சரியாகப் பதியவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். கார்டுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே நீட்டிப்பாக ரைசர் கேபிள் இருந்தால் தூக்கிவிட்டு நேராகப் போட்டுப் பாருங்கள். லாகில் ஏஇஆர் (ஸ்லாட் வழித் தொடர்பில் நேரும் பிழைகளின் அறிக்கை) பிழைகள் வரிசையாக வந்தால் ஸ்லாட்டோ ரைசரோதான் முதல் குற்றவாளி. டிஎம்ஏ (கார்டு நேராக நினைவகத்தைத் தொடுவது) பிழை வரிகள் ஹேங்குக்குச் சற்று முன் இருந்தால், அந்த அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ அமைப்பைப் பாருங்கள்.

சும்மா கிடக்கும்போது ரீசெட் ஆகிறதா? மின்சேமிப்பு. லினக்ஸ் கெர்னலைத் தொடங்கும்போதே, ஸ்லாட் தொடர்பின் மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம்மை அணைத்துப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் டிரைவரும் ஃபர்ம்வேரும். பெரிய தரவைப் பாக்கெட்டுகளாக வெட்டும் வேலையைப் பற்றிய டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ ஆஃப்லோடு வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் அதே சுமையைக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று எழுந்து போனால், எது காரணம் என்று எவருக்கும் தெரியாது. பிராசஸர்தான் வீணாக உழைக்கும். சுவிட்சிலிருந்து, ‘சற்று நிறுத்து’ என்று சொல்லும் பாஸ் (pause) ஃபிரேம் வெள்ளமாக வருகிறதா என்றும் கவுன்ட்டரைப் பாருங்கள். அனுப்பாதே என்று எதிர்முனை தடுத்துக்கொண்டே இருந்தால், சில டிரைவர்கள் அதையும் ஹேங் என்று எண்ணி ரீசெட் போடும். அப்போது உங்கள் கார்டில் ஒரு குறையும் இல்லை; சுவிட்சின் மறுபக்கத்தில் நெரிசல் எங்கே என்று போய்த் தேடுங்கள்.