கிளிவ்டன் என்றாலே நீச்சல்குளம்தானா?

இங்கிலாந்தின் கிளிவ்டன் மாளிகையைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் அந்த நீச்சல்குளத்தில்தான் போய் நிற்கிறார்கள். 1961 ஜூலையில் பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் புரொஃபியூமோ, கிறிஸ்டீன் கீலர் என்ற இளம்பெண்ணை முதலில் பார்த்த இடம்; அவர்கள் உறவுதான் பின்னால் பெரிய அரசியல் பரபரப்பாக வெடித்தது. சரி, நடந்ததுதான். ஆனால் 350 வருடக் கதையை ஒரு குளத்துக்குள் அமுக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தேம்ஸ் நதிக்கு மேலே, மேட்டின் விளிம்பில், இரண்டாம் பக்கிங்ஹாம் பிரபு 1666 வாக்கில் தொடங்கிய வீடு அது. 1795இல் எரிந்தது. மறுபடி எழுப்பியது 1849இல் எரிந்தது. இன்று நிற்பது சார்லஸ் பாரி வடிவமைத்தது. லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவரும் அவர்தான்.

1893இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் அதை வாங்கினார். ரோமின் வில்லா போர்கேசேயிலிருந்து ஒரு பழைய கைப்பிடிச்சுவரையே பெயர்த்து வந்து தோட்டத்தில் நிறுத்தினார். 2004இல் அந்தச் சுவரில் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார்கள். விரல் நகத்தளவுதான் இருக்கும், மத்தியதரைக்கடல் பக்கத்து இனம். கல்லோடு கல்லாக வந்து, 100 வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

1906இல் மகனுக்குக் கல்யாணப் பரிசாக வீடு போனது. மருமகள் நான்சி ஆஸ்டர்தான் 1919இல் பிரிட்டிஷ் மக்களவையில் அமர்ந்த முதல் பெண். அதற்கு முன்பே, முதல் உலகப்போரில், அந்த வளாகத்தில் கனடா ராணுவத்தின் மருத்துவமனை இயங்கியது. பிழைக்காதவர்களை அங்கிருந்த இத்தாலியத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். 40 கல்லறைகளுக்கு மேல். நடுவில் கைகளை விரித்து நிற்கும் வெண்கலப் பெண். முகம் நான்சியின் சாயல் என்பார்கள்.

1942இல் குடும்பம் வீட்டை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தது. நடுவில் சில வருடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். அப்புறம் 1985இல் ஹோட்டல்.

ஹோட்டலாக்கியதைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வாரிசு வரி கட்ட முடியாமலும் பராமரிக்க வழியில்லாமலும் போன நூற்றாண்டில் அந்த நாட்டில் இடிக்கப்பட்ட பிரபு மாளிகைகள் நூற்றுக்கணக்கில். இங்கே அறை வாடகை கூரையைக் காக்கிறது. அறை எடுக்க வசதியில்லாதவர்களும் டிக்கெட் வாங்கித் தோட்டத்தைச் சுற்றலாம். போகிறவர்கள் குளத்தை அப்புறம் தேடிக்கொள்ளுங்கள். முதலில் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லில் இருக்கும் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.