பீட்டர் வெஸ்ட்புரூக்கும் நமது சனிக்கிழமைகளும்

அமெரிக்க வாள்வீச்சு வீரரும் பயிற்றுவிப்பாளருமான பீட்டர் வெஸ்ட்புரூக் 2024 நவம்பர் இறுதியில், தமது 72ஆவது வயதில் காலமானார். நம்மிடையே அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. வாள்வீச்சு நமக்குப் பழக்கமான விளையாட்டும் அன்று. ஆயினும் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் வளரும் பிள்ளைகளைப் பற்றி அக்கறை உள்ள எவரும் இந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் வளர்ந்தது நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில், வறியவர்களுக்காக அரசு கட்டிய தொடர்மாடிக் குடியிருப்பில். தந்தை இராணுவத்தில் பணியாற்றிய கறுப்பின அமெரிக்கர். தாய் மரிக்கோ ஜப்பானிலிருந்து வந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றபின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அந்தத் தாயின் மீது விழுந்தது. தெருச் சண்டைகளுக்குப் பஞ்சமில்லாத அந்தச் சூழலில் மகனின் கோபத்தை எந்த வழியில் திருப்பிவிடலாம் என்று யோசித்த அவர், வாள்வீச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தால் ஐந்து டொலர் தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்துக்காகப் போகத் தொடங்கிய பையன், பின்னர் வாளுக்காகவே போனான். அந்தத் திறமையே நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் புலமைப்பரிசிலைப் பெற்றுக்கொடுத்தது. 1973இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சாபர் வாள் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார்.

வாள்வீச்சில் மூன்று வகை வாள்கள் உண்டு. அவற்றுள் சாபர் மிக வேகமானது. வாளின் முனையால் குத்தவும் விளிம்பால் வெட்டவும் அதில் இடமுண்டு, இடுப்புக்கு மேலுள்ள உடல், கைகள், தலை ஆகியன இலக்குகள். இன்று வாள் பட்டதும் மின்விளக்கு எரிகிறது. ஒலிம்பிக்கில் சாபருக்கு அந்த வசதி 1992இல்தான் வந்தது. அதற்கு முன்னர் வாள் பட்டதா இல்லையா என்பதை நடுவர்கள் கண்ணால் பார்த்தே தீர்மானித்தார்கள். வெள்ளையரும் வசதி படைத்தோருமே நிறைந்திருந்த ஓர் அரங்கில், தொடர்மாடியில் இருந்து வந்த ஒரு கறுப்பின இளைஞர், பிறருடைய கண்களை நம்பியே தமது இளமைக்காலப் போட்டிகள் அத்தனையையும் ஆட வேண்டியிருந்தது. இதை எண்ணிப் பார்க்கும்போது அவர் வென்ற 13 தேசியப் பட்டங்களின் எடை எனக்கு இன்னும் கூடிவிடுகிறது. ஹங்கேரியில் இருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த சபா எல்தெஸ் என்ற கண்டிப்பான ஆசானிடம் அவர் கற்றுக்கொண்ட துல்லியம் இங்கேதான் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

1976 முதல் 1996 வரை ஆறு ஒலிம்பிக் அணிகளுக்கு அவர் தெரிவானார். 1980இல் அமெரிக்கா மொஸ்கோ போட்டிகளைப் புறக்கணித்ததால் அந்த வாய்ப்புப் பறிபோனது. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தனிநபர் சாபர் பிரிவில் வெண்கலம் வென்றார். வாள்வீச்சில் 24 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. சோவியத் ஒன்றியமும் ஹங்கேரியும் அந்தப் போட்டிக்கு வரவில்லையே என்று குறை சொல்பவர்கள் உண்டு. வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வந்தவர்களோடு ஆடி வென்றவருக்குரிய மதிப்பை அதனால் குறைப்பது நியாயமாகாது.

ஆனால் நான் இதை எழுதுவது அந்தப் பதக்கத்துக்காக அன்று. 1991இல், இன்னும் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் தமது பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1883இல் நிறுவப்பட்ட, செல்வந்தர்களின் கூடமாக அறியப்பட்ட மன்ஹாட்டனின் ஃபென்சர்ஸ் கிளப்பில், சனிக்கிழமை காலைகளில், நகரத்தின் வறிய பகுதிகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தொடக்கத்தில் வந்தவர்கள் ஒருசிலரே. அங்கே பயின்ற புரூக்ளினைச் சேர்ந்த அண்ணனும் தங்கையுமான கீத் ஸ்மார்ட், எரின் ஸ்மார்ட் இருவரும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அணிப் போட்டிகளில் ஆளுக்கொரு வெள்ளி வென்றார்கள். 2016இல் டாரில் ஹோமர் தனிநபர் வெள்ளி பெற்றார். அதே ஆண்டில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாப் அணிந்து களமிறங்கி, அணிப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் லோரன் ஸ்க்ரக்ஸ் தனிநபர் வெள்ளியும் அணித் தங்கமும் பெற்ற சில மாதங்களில்தான் வெஸ்ட்புரூக் மறைந்தார்.

இந்தப் பட்டியலைவிட என் மனதைத் தொட்டது வேறொன்று. அங்கே வாளோடு பாடப்புத்தகமும் முக்கியமாக இருந்தது. பிள்ளைகள் கட்டுரை எழுதினார்கள், பாடங்களில் பின்தங்கியவர்களுக்கு உதவி கிடைத்தது, வளர்ந்த மாணவர்கள் திரும்பி வந்து இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். விளையாட்டா படிப்பா என்று ஒரு பிள்ளையிடம் கேட்கும் வழக்கம் கொழும்பில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி உயர்தரம் வரை சனிக்கிழமை என்றாலே டியூஷன் வகுப்புத்தான். இதற்காகத் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். நகரத்தின் நெரிசலான ‘தோட்டம்’ எனப்படும் குடியிருப்பின் வீடொன்றில் நாட்கூலியில் குடும்பம் நடத்தும் ஒரு தாய், நீச்சல் பயிற்சிக்கான மாதக் கட்டணத்தையும் டென்னிஸ் மட்டையின் விலையையும் ஓட்டோச் செலவையும் கூட்டிப் பார்த்தால், டியூஷனைத் தெரிவு செய்வதே அறிவான முடிவு. அவருடைய கணக்குச் சரி. அந்தக் கட்டணங்களை அந்த உயரத்தில் வைத்திருக்கும் நமது ஏற்பாடுதான் பிழை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் ஒத்துவராது என்று சொல்பவர்களுக்குச் சென்னையின் பவானி தேவியை நினைவூட்ட விரும்புகிறேன். கோயில் அர்ச்சகரின் மகளான அவர் மூங்கில் கழிகளைக் கொண்டு பயிற்சியைத் தொடங்கி, டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியரானார். முதல் ஆட்டத்தை 15க்கு 3 என வென்றார். 2023 ஆசியச் சம்பியன்ஷிப்பில், அப்போது உலகச் சம்பியனாக இருந்த ஜப்பானின் மிசாகி எமுராவைத் தோற்கடித்து வெண்கலம் பெற்றார். அவருக்கும் பின்னால் ஒரு தாய் இருந்தார், பணத்துக்காக அலைந்த தாய்.

கொழும்பில் நமக்கு வாள்வீச்சுக் கூடம்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேசைப்பந்து, பூப்பந்து, சதுரங்கம், எதுவாகவும் இருக்கட்டும். நம் பாடசாலைகளுக்கு ஆடிப் பின்னர் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் நல்ல நிலையில் இருக்கும் பழைய வீரர், வீராங்கனைகள் பலர் இதை வாசிப்பீர்கள். பழைய மாணவர் சங்கங்களில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் பாடசாலை மண்டபம் ஒன்றைச் சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் திறக்கச் செய்யுங்கள். அந்தப் பாடசாலையில் படிக்காத அயல் பிள்ளைகளையும் உள்ளே விடச் சொல்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் விளையாட்டு, அடுத்து கணிதமோ ஆங்கிலமோ. சப்பாத்து இல்லாத பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக்கொடுக்கும் செலவில் என் பங்கை நான் தருகிறேன், கணிதம் கற்பிக்கவும் வருகிறேன். மண்டபத்துக்கு அனுமதி பெற்றுத் தரக்கூடியவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள்.